ஒப்பந்த வேலையும் வாடகை வீடும் உள்ளவருக்குத் தனியுரிமையா, எல்எல்பியா?

தமிழ்நாட்டில் சிறிய அளவில் வீடு கட்டிக்கொடுக்கும் ஒப்பந்ததாரர், சொந்தப் பெயரில் இரண்டு வாடகை வீடுகள்: இதுதான் நிலை. தொழிலைத் தனியுரிமையாக (ஒருவர் தன் பெயரிலேயே நடத்தும் தொழில்) வைப்பதா, எல்எல்பியாக (பங்காளிகளின் பொறுப்பு வரம்புக்கு உட்பட்ட கூட்டு நிறுவனம்) நடத்துவதா என்பதே கேள்வி.

முதலில், அந்த வீடுகளைத் தொழிலுக்குள் கொண்டுபோகாதீர்கள். பெயர் மாற்றினால் முத்திரைத் தீர்வையும் மூலதன ஆதாய வரியும் வரும். உங்கள் பெயரிலேயே இருந்தால், வீட்டு வரி போக மீதி வாடகையில் 30 சதவீதம் கழிவு உண்டு.

தனியுரிமையில் ஆண்டு வரவு 2 கோடிக்குள் என்றால் 8 சதவீதத்தை (வங்கி வழி வந்த தொகைக்கு 6) லாபமாகக் காட்டி வரி கட்டலாம். எல்எல்பிக்கு இந்த வசதி கிடையாது; வரியும் நேராக 30 சதவீதம். ஆனால் தனியுரிமையில் தொழிலும் நீங்களும் சட்டப்படி ஒன்று. சிமென்ட் பாக்கிக்கோ, சாரம் சரிந்து அடிபட்டவருக்கோ தீர்ப்பானால் வாடகை வீடுகளும் ஜப்திக்கு உள்ளாகலாம்.

பலர் சறுக்குவது ஜிஎஸ்டியில். பதிவுக்கான 20 லட்ச ஆண்டு வரவு வரம்பு பான் எண்ணுக்கு உரியது. ஒப்பந்தத்தில் 17 லட்சம், குடியிருப்பு வாடகை 4 லட்சம் என்றால் மொத்தம் 21. வாடகைக்கு வரி இல்லாவிட்டாலும் கூட்டலில் அது சேரும், பதிவு கட்டாயம்.

கடனில் நிறையப் பொருள் எடுத்துப் பெரிய வேலை பிடிக்கும்போது, ஒப்பந்தத்துக்கு மட்டும் எல்எல்பி தொடங்குவது நல்லது. இரு பங்காளிகள் தேவை. ஆண்டுதோறும் மே 30க்குள் படிவம் 11 (ஆண்டு அறிக்கை), அக்டோபர் 30க்குள் படிவம் 8 (கணக்கு அறிக்கை) தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் தாமதத்துக்கு ஏற்பக் கூடுதல் கட்டணம் ஏறும். வங்கிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்தால், அந்தக் கடனுக்கு எல்எல்பி உங்களைக் காக்காது. எந்த வடிவமானாலும் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.