மின்கம்பி அறுந்து விழுந்து உயிர் போனால் நஷ்டஈடு யார் தருவது?

"காற்றில் அறுந்த கம்பியை மிதித்து ஒருவர் இறந்தால் மின்சாரம் கொடுக்கும் நிறுவனம் பணம் தருமா, இயற்கைச் சீற்றம் என்று கைவிரித்துவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தர வேண்டும். கைவிரிக்கப் பார்ப்பார்கள்தான், ஆனால் சட்டம் அதற்கு அவ்வளவு எளிதில் இடம் தராது. 1997 ஆகஸ்டில் மத்தியப் பிரதேசத்தில் நடந்ததைப் பாருங்கள். ராத்திரி நேரம், மழைத்தண்ணீர் தேங்கிய ரோடு. சைக்கிளில் வந்தவர் கீழே கிடந்த கம்பியைக் கவனிக்காமல் ஏற்றிவிட்டார், அந்த இடத்திலேயே போய்விட்டார். "யாரோ கொக்கி போட்டுக் கரண்ட் திருடிய வயர் அது, நாங்கள் என்ன செய்வது?" என்றது மத்தியப் பிரதேச மின்வாரியம். கீழ்க்கோர்ட்டில் அந்த வாதம் எடுபட்டது. ஹைகோர்ட் நஷ்டஈடு கொடுத்தது. 2002-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. கரண்ட் மாதிரி ஆபத்தான சரக்கை ஊருக்குள் கொண்டுவருபவர், தன் பக்கம் அலட்சியமே இல்லாவிட்டாலும் பொறுப்பாளி. அறுந்த கம்பியில் கரண்ட் ஓடாமல் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. விதிவிலக்குகள் உண்டு. ஆனால் வருஷா வருஷம் வீசும் ஆடிக்காற்றைக் கடவுள் செயல் என்றால் எந்த ஜட்ஜ் நம்புவார்?

சட்டத்தை விடக் காகிதம்தான் பலரைக் கவிழ்க்கிறது. எங்கள் சித்தப்பாவின் பசு ஸ்டே கம்பியில் (மின்கம்பம் சாயாமல் இழுத்துக் கட்டும் கம்பி) உரசி ஷாக் அடித்துச் செத்தது. வெயிலில் நாற்றம் எடுக்கும், சீக்கிரம் புதைத்துவிடலாம் என்று ஊரே சொன்னது. சித்தி மட்டும் "டாக்டர் வந்து பாக்காம ஒருத்தனும் மண்வெட்டியத் தொடக்கூடாது" என்று நின்றார். கால்நடை டாக்டரின் பிரேதப் பரிசோதனைச் சான்றிதழ் இருந்ததால்தான் மனுவே நகர்ந்தது. மனிதர் என்றால் எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் இரண்டும் கட்டாயம் வேண்டும். மின் ஆய்வாளருக்கும் எழுதுங்கள். மின்விபத்தைத் தெரிவிப்பது, விசாரிப்பது பற்றிய மின்சாரச் சட்டம், 2003-ன் 161-வது பிரிவில் மனித உயிர், கால்நடை உயிர் இரண்டும் வரும். கம்பியை இழுத்துக் கட்டிச் சரிசெய்வதற்குள் போட்டோ எடுத்துவிடுங்கள். இது போனால் திரும்பக் கிடைக்காது.

சம்பவத்தில் சர்ச்சையே இல்லை என்றால் ஹைகோர்ட்டில் நேரடியாக ரிட் மனு போடலாம். "எங்கள் கம்பியே இல்லை" என்று அவர்கள் மறுத்தால் சிவில் கோர்ட்தான். உயிரிழப்பு என்றால் இறந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். வழக்கில்லாமல் உதவியாகத் தரும் கருணைத்தொகை வரட்டும் என்று காத்திருந்தே அதைக் கோட்டைவிடுபவர்கள் உண்டு. அந்தத் தொகையை வாங்குவது வேறு, வழக்குப் போடும் உரிமை வேறு. ஆனால் "முழு தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிய தாளில் வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடைசியில் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் நம் கரண்ட் பில்லிலிருந்தும் அரசு மானியத்திலிருந்தும்தான். பராமரிப்பைத் தள்ளிப்போட்ட அதிகாரியின் சம்பளத்தில் பிடித்தார்கள் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. எனக்கு இதில்தான் எரிச்சல்.

கம்பத்தில் தொங்கிய கேபிள் டிவி வயரில் கரண்ட் பாய்ந்திருந்தால் மின் நிறுவனம், கேபிள்காரர் இருவரையும் பிரதிவாதியாகச் சேருங்கள். யார் எவ்வளவு தருவது என்று கோர்ட் பிரித்துக்கொள்ளட்டும்.