மேப்புக்கு முன்னால் ஓர் அட்டவணை

வணக்கம் ஐயா,

நான் மதுரையில் இளங்கலை வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் டிஜிட்டல் வரலாறு என்று ஒரு பாடம். வெளி வீதிகளை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு பழைய வீடுகள், கடைகள், கோட்டை இருந்த இடம் எல்லாவற்றையும் சேகரிக்கிறோம். வாட்ஸாப் குழுவில் 400 படங்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. கோட்டையைப் பற்றி ஃபேஸ்புக்கில் நிறைய கிடைத்தது. இதை மேப்பாக வெளியிட எந்த மென்பொருள் நல்லது? பழைய தமிழ்ப் புத்தகங்களை ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) வழியாக எழுத்தாக்கலாமா? ‘இது வரலாறா, கம்ப்யூட்டர் வேலையா?’ என்று கேலி செய்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

(பெயர் வேண்டாம்), மதுரை

அன்புள்ள மாணவிக்கு,

கேலிக்குப் பதில் சொல்ல வேண்டாம், வேலை இருக்கிறது. ஓசிஆர் விஷயமும் சின்னதுதான். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா, லை, னை எல்லாம் வேறு வடிவம். மென்பொருள் அங்கேதான் தடுக்கி விழும். வேண்டிய நாலு பத்தியை உட்கார்ந்து தட்டச்சு செய்துவிடுங்கள்.

வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கும் பிள்ளைகளைத் திட்ட மனம் வரவில்லை. ஆனாலும் திட்டித்தான் ஆக வேண்டும். கல்லூரிகள் செய்யும் இப்படிப்பட்ட மேப்புகளைக் கொஞ்ச நாளாகப் பார்த்துவருகிறேன். பொட்டைத் தொட்டால் படம் வருகிறது. எந்த ஆண்டுப் படம், யார் கொடுத்தது, கீழே இருக்கும் வரி எந்தத் தாளில் இருந்தது, ஒன்றும் கிடையாது. உங்கள் 400 படங்களும் அந்த வழியில்தான் போகின்றன. வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த நேரமும் இடமும் உதிர்ந்துவிடும். மூலப்படம் அவரவர் போனில் இருக்கும்போதே கேபிள் போட்டு இறக்கிக்கொள்ளுங்கள். போனை மாற்றிவிட்டால் போயிற்று.

அடுத்து அட்டவணை. ஒரு வரிக்கு ஒரு தகவல், ஒரே ஒரு தகவல். பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது: நூல் என்றால் ஆண்டும் பக்கமும், பத்திரம் என்றால் எண்ணும் வருஷமும் எந்தச் சார்பதிவகம் என்பதும், வாய்மொழி என்றால் யார், எப்போது சொன்னார், அவர் கண்ணால் பார்த்ததா, கேள்விப்பட்டதா என்பதும். ஆதாரம் எழுத முடியாத வரி மேப்புக்குப் போகக் கூடாது. ஃபேஸ்புக்கை ஆதாரம் என்று எழுதாதீர்கள். அந்தப் பதிவை எழுதியவர் எங்கே படித்தார் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயர் காலத்தில் பிளாக்பர்ன் மதுரைக் கலெக்டராக இருந்தபோது மதில் இடிக்கப்பட்டது, வெளி வீதிகள் வந்தன, மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்த வேலையைப் பார்த்தவர்கள் பெயரில் இருக்கின்றன, விளக்குத்தூண் பிளாக்பர்ன் நினைவாக நிற்கிறது. இது நாலு தகவல், நாலு வரி. மாவட்டத்தைப் பற்றிய பழைய ஆங்கில நூல்கள் இரண்டு: நெல்சனின் மதுரை மேனுவல் 1868இல் வந்தது, பிரான்சிஸின் கெசட்டியர் 1906இல். இரண்டிலும் ஒரே செய்தி இருந்தால் இரண்டு சாட்சி என்று துள்ளாதீர்கள். பின்னவர் முன்னவரைப் படித்துவிட்டு எழுதியிருக்கலாம். பெரியார் பஸ் ஸ்டாண்டு அருகே மிஞ்சியிருக்கும் கொத்தளம் கண்ணால் பார்க்கக்கூடியது, அதை அழுத்தமான கோடாகப் போடுங்கள். மற்ற மதில் இன்று கண்ணுக்குத் தெரியாது, அதற்குப் புள்ளிக்கோடு. முழுச் சுற்றையும் ஒரே சிவப்பில் போட்டால் அழகாகத்தான் இருக்கும், பொய்யாகவும் இருக்கும்.

அட்டவணையில் தேதிக்கு மூன்று நெடுவரிசைகள் விடுங்கள்: தாளில் உள்ளபடி, இதற்கு முன்னால் இருக்க முடியாது, இதற்குப் பின்னால் இருக்க முடியாது. வீட்டு நெற்றியில் ‘துன்முகி வருஷம்’ என்று இருந்தால் அது 1896ஆகவும் இருக்கலாம், 1956ஆகவும் இருக்கலாம். சுண்ணாம்பா சிமென்ட்டா என்று சுவரைப் பார்த்தால் ஓரளவு தெரியும், தெரியாவிட்டால் இரண்டையும் எழுதுங்கள். நிலவரிக் கணக்கில் வரும் பசலி ஆண்டோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆண்டு வரும், ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூனில் முடியும். பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. வெறும் 1890 என்று போட்டால் பாதி வருஷம் தப்பு.

எக்செல்லில் செய்கிறீர்கள் என்றால் தட்டுவதற்கு முன்பே எல்லா நெடுவரிசையையும் ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் 5/12 என்ற கதவு எண் டிசம்பர் 5 ஆகிவிடும். 45/112 மட்டும் அப்படியே நிற்கும். பாதி கெட்டு பாதி கெடாமல் இருப்பதால் யார் கண்ணிலும் படாது. 1900க்கு முந்தைய தேதியை எக்செல் தேதியாகவே ஏற்காது. வெறும் எழுத்தாகச் சேமித்த அட்டவணையான சிஎஸ்வி கோப்பை டபுள் கிளிக் செய்து திறந்தால் மறுபடி இதே கூத்துதான், ‘டேட்டா’ பகுதி வழியாக உள்ளே கொண்டுவாருங்கள். கதவு எண்ணை மட்டும் நம்பவும் வேண்டாம், நகராட்சியும் மாநகராட்சியும் எண்ணை மாற்றிக்கொண்டே வந்திருக்கின்றன. டி.எஸ். நம்பரையும், அதாவது நகர நில அளவை எண்ணையும், சேர்த்து எழுதுங்கள். அதுவும் உட்பிரிவு ஆகும், ஆனால் பிடி இருக்கும்.

பழைய வீட்டில் கிரையப் பத்திரம் காட்டினால் முதலில் செக்குபந்தியைப் படியுங்கள். கிழக்கே யார் வீடு, மேற்கே யார் கடை என்று அதில் இருக்கும். வரிசையாகப் பத்து பத்திரம் கிடைத்தால் அந்த வருஷத்து வீதியையே அடுக்கிவிடலாம். படம் எடுக்கும்போது பத்திர எண் எழுதிய சீட்டு முதல் படமாக இருக்கட்டும். ஆனால் பத்திரத்தின் படத்தைத் தளத்தில் ஏற்றாதீர்கள். பங்காளிச் சண்டை ஓடும் வீடாக இருந்தால் உங்கள் செமஸ்டர் வேலை கோர்ட்டு வரைக்கும் போகும்.

மென்பொருள் கேட்டீர்கள். க்யூஜிஐஎஸ் இலவசம், போதும். பழைய வரைபடத்தை இன்றைய மேப்பில் பொருத்த, இரண்டிலும் ஒரே இடத்தைக் காட்டும் புள்ளிகளை வைக்க வேண்டும்; எல்லாவற்றையும் கோயிலைச் சுற்றியே வைக்காதீர்கள், ஓரங்கள் எங்கோ போய்விடும். பத்துப் புள்ளியாவது வேண்டும், வைகை மைய மண்டபம் போலத் தள்ளி இருப்பவையும் வேண்டும். கோபுரத்தைப் பிடித்தால் அடிவாரத்து மூலையைப் பிடியுங்கள். தெற்குக் கோபுரம் ஏறக்குறைய 50 மீட்டர் உயரம், சாட்டிலைட் படத்தில் உச்சி சாய்ந்து விழும்.

முதல் 20 வரி அட்டவணை தயாரானதும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். படங்கள் இப்போது வேண்டாம்.