சி.எம்.வி. (கர்ப்பத்தில் குழந்தைக்கும் தொற்றும் சைட்டோமெகாலோவைரஸ்) டி.என்.ஏ. தடுப்பூசி: வேலூர் வட்டாரக் கேள்விகள்

காட்பாடி மாணவி: சார், ஊசிக்கான பிளாஸ்மிட்ல (வட்ட டி.என்.ஏ.) வைரஸோட ஜி.பி. ஜீன் மட்டும் வெச்சா போதாதா?

போதாது. வைரஸின் மேலுறைப் புரதமான ஜி.பி. ஆன்டிபாடிக்கு, டி செல்களைத் தூண்ட பி.பி.65 என்ற உள்புரதம் வேண்டும். ஏ.எஸ்.பி.0113 தடுப்பூசியில் இரண்டும் தனித்தனி பிளாஸ்மிட். டோஸ் 5 மி.கி. மஜ்ஜை மாற்று நோயாளிகளிடம் இரண்டாம் கட்டத்தில் நம்பிக்கை தந்தது, மூன்றாம் கட்டத்தில் 2018-இல் கைவிட்டது. எபிதீலியல் (உறுப்புகளின் மேற்பரப்பை மூடும்) செல்லுக்குள் வைரஸ் நுழையப் பயன்படும் பென்டமர் என்ற ஐந்து புரதக் கூட்டு (ஜி.எச்., ஜி.எல்., யு.எல்.128, 130, 131ஏ) அதில் இல்லை. ஆனால் பென்டமர் சேர்த்த எம்.ஆர்.என்.ஏ.-1647 தடுப்பூசியும் 2025-இல் மூன்றாம் கட்டத்தில் தேறவில்லை. அதைச் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம்.

ராணிப்பேட்டை டெக்னீஷியன்: பிளாஸ்மிட் நிறைய கிடைக்குது, 260/280 (புரதக் கலப்பைக் காட்டும் ஒளி அளவு) 1.85. ஆனா எலியில ரெஸ்பான்ஸே இல்லீங்க.

அந்த அளவு பாக்டீரியா நச்சான எண்டோடாக்சினைக் காட்டாது, அதற்கான எல்.ஏ.எல். டெஸ்ட் போடுங்க. அடுத்து ஜெல் ஓட்டிப் பாருங்க. சூப்பர்காயில்டு (முறுக்கு குலையாத பிளாஸ்மிட்) 80 சதவீதத்துக்கு மேல் இருக்கணும். குறைந்தால் பெரும்பாலும் பாக்டீரியாவை உடைக்கும் லைசிஸில்தான் கோளாறு: சோடியம் ஹைட்ராக்சைடு–எஸ்.டி.எஸ். ஊற்றியதும் குழாயை மெதுவாக நாலைந்து முறை கவிழ்த்தால் போதும், 5 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பிளாஸ்மிட் சிதைந்து மீளாது. வார்டெக்ஸ் கருவியில் வேகமாகக் குலுக்கினால் பாக்டீரியாவின் குரோமோசோம் நொறுங்கிக் கலந்துவிடும். இன்னொன்று, மனித சி.எம்.வி. எலியில் பெருகாது. எலியில் இம்யூன் ரெஸ்பான்ஸை மட்டும்தான் அளக்கலாம். கர்ப்பத்தில் பாதுகாப்பு கிடைக்குதா என்று பார்க்க கினிப்பன்றியும் அதற்குரிய சி.எம்.வி.யும் வேண்டும், அந்த வைரஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டும்.

மேல்விஷாரம்: ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லுல நியூட்ரலைசேஷன் (ஆன்டிபாடி வைரஸைத் தடுக்கிறது) நல்லா வருது. போதுமா?

ஏ.டி.169 என்ற லேப் சி.எம்.வி. வகையை வைத்துப் பார்த்திருந்தால் போதாது. ஃபைப்ரோபிளாஸ்ட்டிலேயே வளர்த்து வளர்த்து அது பென்டமரை இழந்துவிட்டது. பென்டமர் உள்ள வைரஸை வைத்து ஏ.ஆர்.பி.இ.-19 என்ற எபிதீலியல் செல்லிலும் பாருங்க.

குடியாத்தம் நர்ஸ்: எலிஸ்பாட்டுக்கு (டி செல்களை ஸ்பாட்டாக எண்ணும் டெஸ்ட்) எடுத்த ரத்தத்தை ஐஸ்ல வெச்சு வேலூருக்கு அனுப்பலாமா சார்?

ஐஸ் வேண்டவே வேண்டாம். ஹெப்பாரின் குழாய், 18–25 டிகிரி, 8 மணி நேரத்துக்குள் செல்களைப் பிரிக்கணும். குளிர்ந்தாலோ தாமதமானாலோ கிரானுலோசைட் என்ற வேறு வெள்ளணு கலந்து ஸ்பாட் குறையும். நம்ம ஊர் மே மாத வெயிலில் பஸ் சீட்டில் வைப்பதும் அதே அளவு கெடுதல். தெர்மாகோல் பெட்டியில், அறைச் சூட்டுக்கு வந்த ஜெல் பேக்குடன் அனுப்புங்க.

ஆம்பூர்: நான் 3 மாசம். இந்த ஊசி போட்டுக்கலாமா?

அனுமதி பெற்ற சி.எம்.வி. ஊசி எதுவும் இன்னும் இல்லைம்மா. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் எச்சில், சிறுநீர் பட்டதும் சோப்பு போட்டுக் கை கழுவுங்க. அதன் மிச்சச் சோற்றைச் சாப்பிடாதீங்க. ஐஜிஜி பாசிட்டிவ் (முன்பே தொற்று வந்திருக்கு) என்றாலும் இது பொருந்தும், பழைய வைரஸ் மறுபடி தலைதூக்கலாம், புதுசும் தொற்றலாம். பிறந்த குழந்தைக்குத் தொற்று இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் 21 நாளுக்குள் சிறுநீர் பி.சி.ஆர். எடுக்கச் சொல்லுங்க. எச்சிலில் எடுத்தால் பால் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துத்தான். தாய்ப்பாலில் உள்ள வைரஸே பாசிட்டிவ் காட்டிவிடும்.