ஜேர்மன் மொழியைப் பல்கலைக்கழகத்தில் படித்து என்ன பயன்? பி2 என்ற மேல் இடைநிலை மட்டம் வரை கோர்ஸ் செய்தால் போதாதா?

ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) முடித்திருப்பீர்கள், வீட்டில் "மொழி படிக்க கம்பஸ் எதுக்கு" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வெள்ளவத்தை வீட்டிலும் அதே கதைதான். ஜேர்மனியில் டோர்ட்முண்டில் இருக்கும் சித்தப்பா போன் எடுத்து, "நான் பள்ளிக்கூடம் போகாமலே ஜேர்மன் கதைக்கிறன், இவளுக்கு எதுக்குப் பட்டம்?" என்றார்.

வேலைக்கோ தாதியர் பயிற்சிக்கோ போவதுதான் எண்ணம் என்றால் கோர்ஸ் போதும். கொழும்பு 7இல் உள்ள ஜேர்மன் பண்பாட்டு நிலையமான கோத்தே நிறுவனத்திலேயே படித்துப் பரீட்சை எழுதலாம். அப்படிப் போகிறவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. வீட்டுக் கஷ்டம் எனக்கும் தெரியும்.

நான் களனிப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். தொடக்கத்தில் இலக்கணம்தான். பெயர்ச்சொல்லின் பாலைக் காட்ட முன்னால் வரும் சொற்களுக்கு டெர் (ஆண்பால்) நீலம், டீ (பெண்பால்) சிவப்பு, டாஸ் (அஃறிணைப்பால்) பச்சை என்று நிறப் பேனைகளால் கொப்பியை நிரப்பினேன். அது கோர்ஸிலும் கிடைக்கும். கிடைக்காதது அப்புறம் வந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் பாதிரியார் சீகன்பால்க், தமிழரின் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஜேர்மனில் ஒரு நூல் எழுதி ஜேர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார். அங்கே அதை அச்சிட விரும்பவில்லை. 1867இல் சென்னையில்தான் அச்சேறியது. அதில் சில பக்கங்களை ஒருநாள் வகுப்பில் தந்தார்கள். பழைய எழுத்துக்கூட்டலோடு எல்லோரும் மல்லுக்கட்ட, எனக்கு ஐயனார், எல்லம்மன், பிடாரி என்று ஒவ்வொரு பெயராகப் பிடிபட்டது. அம்மம்மாவின் ஊரில் ஐயனார் கோயில் இருக்கிறது. எழுந்து நின்று, தட்டுத் தடுமாறிய ஜேர்மனில் ஐயனார் யார் என்று விளக்கினேன். சேர் குறிப்பெடுத்தார். மற்றப் பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். அந்த வகுப்பில் இருந்த ஒரே தமிழ்ப்பிள்ளை நான்தான்.

"இது சோறு போடுமா" என்று யாராவது கீழே வந்து கேட்பீர்கள். போடுகிறது. மொழிபெயர்க்கிறேன், படிப்பிக்கிறேன்.

என் கோபம் வேறு இடத்தில். ஏ.எல்லுக்கு ஜேர்மன் ஒரு பாடமாக இருக்கிறது என்று என் பாடசாலையில் யாரும் சொன்னதில்லை. கணிதமும் உயிரியலும் சரிவராதவர்களுக்குத்தான் கலைப்பிரிவு என்று நினைத்தார்கள். மின்விசிறி வேலை செய்யாத மாடி அறையைத்தான் எங்களுக்குத் தந்தார்கள். பரிசளிப்பு விழாவில் கலைப்பிரிவில் முதலாவதாக வந்த பிள்ளையின் பெயரைக்கூட வாசிக்கவில்லை. அந்தப் பிள்ளையின் அம்மா சேலை உடுத்து முன்வரிசையில் வந்து இருந்தார்.