தாளத்தோடு நடை: கேள்வி-பதில்

கே: அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். தாளத்துக்கேற்ப நடந்து பழக, மெட்ரோனோமை (சீராக 'டிக் டிக்' என்று தாளம் போடும் கருவி) நிமிடத்துக்கு எத்தனையில் வைக்க வேண்டும்?

ப: அவர் இப்போது நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறார்? அதை எழுதாமலேயே கேட்டிருக்கிறீர்கள். முதலில் எண்ணுங்கள். மருந்து வேலை செய்யும் நேரத்தில், நேரான, தடையில்லாத இடத்தில் நடக்கவிடுங்கள். முதல் நாலைந்து அடிகளை விட்டுவிட்டு, 30 விநாடிக்கு இரண்டு காலையும் சேர்த்து எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 48 வந்தால் 96. சில நாளைக்கு அதே 96-தான். காலும் தாளமும் சேர்ந்து விழுந்த பிறகு 100 அல்லது 101. அதிலும் ஒரு வாரம் தடுமாறாமல் நடந்தால் 105. அதற்கு மேல் வேண்டாம்.

"120 வைத்தால் வேகமாக நடப்பார்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, எண்ணிப் பார்க்காமலே வைத்துவிடுகிறார்கள். 85 அடி வைப்பவர் 120-ஐப் பிடிக்க என்ன செய்வார்? அடியைக் குறுக்குவார். குதிகால் தரையில் படாது, முன்பாதத்திலேயே தத்தித் தத்தி ஓடுவார், உடல் முன்னால் சாயும். கால் நின்றாலும் உடல் நிற்காது. விழுவது அப்போதுதான். இந்த நோயில் பெரும்பாலும் சுருங்குவது அடியின் நீளம். எண்ணிக்கை பலருக்கு ஏற்கெனவே அதிகம். அதனால் தாளத்தை ஏற்றும்போதெல்லாம் பத்து மீட்டரை எத்தனை அடியில் கடக்கிறார் என்று பாருங்கள். நேற்று 20, இன்று 24 என்றால் தாளம் அதிகம், இறக்குங்கள். எண்ணாமல் தொடங்காதீர்கள்.

கே: நடுவில் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. இவருக்கும் இதே கணக்கா?

ப: இல்லை. கூட்டவே கூடாது. அவருடைய சொந்த எண்ணிக்கையிலோ, பத்து சதவீதம் வரை குறைத்தோ, பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் தொடங்குங்கள். கால் ஒட்டியதும் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தால் உடல் மட்டும்தான் முன்னால் வரும். நிற்கட்டும். தாளத்துக்கேற்ப உடல் எடையை இடம், வலம் என்று மூன்று நான்கு முறை மாற்றிவிட்டு, ஒரு பெரிய அடி எடுத்து வைக்கட்டும்.

கே: பாட்டு போடலாமா?

ப: தாளம் தெளிவாகக் கேட்கிற, வேகம் நடுவில் மாறாத பாட்டு என்றால் சரி. உட்கார்ந்தபடி ஒரு நிமிடம் அதற்குக் கால் தட்டச் சொல்லுங்கள். தட்ட வராத பாட்டுக்கு நடக்கவும் வராது.

கே: புளூடூத் இயர்போனில் ஒலி தாமதமாக வருகிறதே?

ப: எல்லா அடிக்கும் ஒரே தாமதம்தான், பாதகமில்லை. ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். வண்டி ஓடும் சாலையில் அதுவும் வேண்டாம்.

கே: திரும்பும்போது தடுமாறுகிறார்.

ப: நின்ற இடத்தில் சுழல விடாதீர்கள். தாளம் ஓடிக்கொண்டிருக்க, அரைவட்டமாக ஐந்தாறு அடி வைத்துத் திரும்பட்டும். கால் மேல் கால் குறுக்கே போகக் கூடாது.

கே: மூன்று வாரம் நன்றாக நடந்தார். நிறுத்தினோம், பழையபடி ஆகிவிட்டது.

ப: நிறுத்தினால் அப்படித்தான் ஆகும். வீட்டிலேயே மூன்று வாரம் பயிற்சி தந்து பார்த்த ரெஸ்கியூ ஆய்விலும் (2007) ஆறு வாரம் கழித்துப் பலன் பெருமளவு குறைந்திருந்தது. வாரத்தில் மூன்று நாளாவது அரை மணி நேரம், தொடர்ந்து செய்யுங்கள். தொடங்குமுன் மறுபடி எண்ணுங்கள். பழைய எண் இப்போது பொருந்தாமல் போயிருக்கலாம்.

கே: நடை தேறிவிட்டது. மாத்திரையைக் குறைக்கலாமா?

ப: கூடாது. அது நரம்பியல் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.