மாடு ஈன்றதும் விழும் இளங்கொடியை (நஞ்சுக்கொடியை) ஆலமரத்தில் கட்டுகிறார்களே, அது மூடநம்பிக்கையா?

அப்படித் தள்ளிவிட எனக்கு மனம் வராது. எங்களுக்குச் சேரன்மகாதேவிப் பக்கம். தொழுவில் மாடு ஈன்றால் கொடி விழும்வரை ஆச்சி கண் அசர மாட்டாள். விழுந்ததும் பழைய ஓலைப்பெட்டியில் வைக்கோல் வைத்துப் பொதிந்து தருவாள். தாத்தா விடியுமுன் கொண்டுபோய்க் குளத்தங்கரை ஆலமரத்தில் எட்டாத கொப்பாகப் பார்த்துக் கட்டிவிட்டு வருவார். ஆலமரத்தில் பால் ஊறுகிற மாதிரி மடியிலும் ஊறுமாம். நாய் வாய் வைத்தால் பால் வற்றிவிடுமாம்.

மரத்துக்கும் மடிக்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் அந்தக் காவல் வீண் இல்லை. ஆள் இல்லாவிட்டால் மாடே கொடியைத் தின்னும். தொண்டையில் அடைக்கும், வயிறு கெடும். நாய் தின்றால், மாட்டுக்குக் கருச்சிதைவு உண்டாக்கும் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி நாயின் கழிவு வழியாகப் புல்லுக்கும் தண்ணீருக்கும் வரலாம். இடம் இருந்தால் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைப்பது இன்னும் நல்லது.

எனக்கு ஆறாத கோபம் வேறொரு வழக்கத்தின் மேல். "கொடி விழாம கன்னுக்குட்டியை ஊட்ட விடாதல" என்பார்கள். நான் பத்தாவது படிக்கும்போது தலையீத்து மாடு ஒன்று சாயங்காலம் ஈன்றது. கொடி விழுந்தது மறுநாள் காலையில். ராத்திரி முழுக்கக் கன்று கத்திக்கொண்டே கிடந்தது. ஐந்தாம் நாள் கழிச்சல் கண்டு செத்துப்போயிற்று. ஆச்சி கல்நெஞ்சுக்காரி இல்லை. அவளுக்குப் பெரியவர்கள் சொல்லித் தந்தது அதுதான்.

கன்றுக்குத் தாயின் கருப்பையிலிருந்து நோய் எதிர்ப்புச் சக்தி வந்து சேராது. சீம்பாலில்தான் கிடைக்கும். அதை உள்ளிழுக்கும் சக்தியும் கன்றின் குடலுக்கு மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் ஏறக்குறைய நின்றுவிடும். ஈன்று 2 மணி நேரத்துக்குள் ஊட்டிவிடுங்கள். 25 கிலோ கன்றென்றால் முதல் நாளில் இரண்டரை லிட்டராவது போகவேண்டும். கன்று முட்டிக் குடிக்கையில் கருப்பை சுருங்கும், கொடி விழவும் அதுவே உதவும்.

12 மணி நேரம் தாண்டியும் தொங்கினால் பிடித்து இழுக்காதீர்கள். கல், பழைய செருப்பு என்று பாரம் கட்டவும் வேண்டாம். கொடி அறுந்து பாதி உள்ளே தங்கும், சில சமயம் கருப்பையே வெளியே தள்ளிவிடும். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். 1962 என்ற கால்நடை அவசர உதவி எண்ணுக்கு அடித்தாலும் வருவார்கள்.

அந்த மாடு அடுத்த ஈத்துக்கு நின்றபோது, உடனே சீம்பால் ஊட்டும்படி மருத்துவர் சொல்லியிருந்ததை நினைவில் வைத்து ஆச்சியே ஈரம் காயாத கன்றை அணைத்துப் பிடித்து மடியில் விட்டாள். ஓலைப்பெட்டி வழக்கம்போல ஆலமரத்துக்குப் போனது.