பொம்பா லோரி செய்த குடும்பங்கள்: கேள்வி பதில்

கோலாலம்பூரில் லோரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். பொம்பா லோரி, அதாவது தீயணைப்பு வண்டி செய்யும் கம்பெனிகளின் கதையைத் தேடிப் படிப்பது என் பைத்தியம். கேள்வி கேளுங்கள் என்று சொன்னதும் நிறைய வந்துவிட்டன. முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

செந்தூலிலிருந்து: ஐயா, இவ்வளவு பெரிய வண்டியை ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறது என்றால் நம்ப முடியவில்லை. லோரி கம்பெனிகளே முழுதாகச் செய்து விற்கலாமே?

எண்ணிக்கை போதாது. ஒரு நகரசபை வண்டி வாங்கினால் பதினைந்து இருபது வருஷம் வைத்து ஓட்டும். அடுத்த ஊர்க்காரன் வந்து கேட்பான், ஆனால் தொட்டி வேறு அளவு, பம்பு வேறு, பெட்டிகள் வேறு இடத்தில் வேண்டும் என்பான். ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் தள்ளும் ஆலைக்கு இதெல்லாம் தலைவலி. அதனால் லோரி கம்பெனி சேசிஸோடு, அதாவது எஞ்சினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டத்தோடு, கைகழுவிவிடும். மேலே ஏற்றுவது எல்லாம் பாடி கட்டுகிறவன் பாடு. குடும்பங்கள் பிழைத்தது அந்த இடத்தில்தான்.

அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலத்து சட்ஃபென் கம்பெனி 1890இல் தொடங்கியது, இன்னும் அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது. விஸ்கான்சின் மாநிலம் ஆப்பிள்டன் ஊரில் 1913இல் ஹம்ஃப்ரி பியர்ஸும் அவர் மகன் டட்லியும் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் பட்டறை போட்டார்கள். ஃபோர்டு மாடல் டி வண்டிகளுக்குப் பாடி கட்டுவதுதான் அவர்களுடைய வேலை, தீயணைப்பு வண்டி பிறகு வந்தது. இன்றைக்குப் பியர்ஸ் என்றால் அந்நாட்டில் தெரியாத தீயணைப்பு வீரர் இருக்க மாட்டார். ஆனால் 1996இல் ஓஷ்கோஷ் என்ற பெரிய லோரி கம்பெனி அதை வாங்கிவிட்டது.

பிறையிலிருந்து: ஏணி வண்டி யாருடைய யோசனை?

நெருப்போடு நேரில் நின்றவருடைய யோசனை. ஜெர்மனியில் உல்ம் நகரத்துக் கொன்ராட் டீட்ரிஷ் மாகிருஸ் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை, ஊர்த் தீயணைப்புப் படைக்குத் தலைவரும்கூட. 1864இல் கம்பெனி தொடங்கினார். எதன்மீதும் சாய்க்காமல் தானாக நிற்கும் சக்கர ஏணியை 1872இல் கொண்டுவந்தார். எரிகிற சுவரில் ஏணியைச் சாய்க்க முடியாது என்பதை ஆபீசில் உட்கார்ந்தவன் யோசித்திருப்பானா? அவருக்குப் பின் மகன்கள் நடத்தினார்கள். 1936இல் டாய்ட்ஸ் எஞ்சின் கம்பெனியோடு சேர்ந்தது, 1975இல் இவெக்கோ என்ற லோரி கம்பெனிக்குள் போனது. பெயர் மட்டும் ஏணியில் நிலைத்துவிட்டது.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து: அண்ணே, வெள்ளைக்காரன் காலத்தில் நம்ம ஊருக்கு வண்டியெல்லாம் எங்கிருந்து வந்தது?

நீங்கள் இருக்கிற இடமே அந்தக் கதையில் வருகிறது. 1881 ஜனவரியில் கோலாலம்பூர் பற்றி எரிந்தது. பலகையும் அத்தாப்பும் (ஓலைக் கூரை) வைத்துக் கட்டிய ஊர், நிற்குமா? பிறகு செங்கல்லில் கட்ட வேண்டும் என்று வெள்ளைக்கார அதிகாரி சுவெட்டன்ஹாம் உத்தரவிட, சூளைகள் பிரிக்பீல்ட்ஸில் எழுந்தன. பெல்லமி என்ற இன்னொரு வெள்ளைக்காரர் தலைமையில் தொண்டூழியத் தீயணைப்புப் படை 1883இல் அமைந்தது. பினாங்கில் பீச் ஸ்ட்ரீட் மூலையில் கோபுரத்தோடு நிற்கும் நிலையம் 1908 வாக்கில் கட்டியது. பினாங்குப் பக்கம் போனால் நின்று பாருங்கள்.

காலனி அரசாங்கங்களுக்கு லண்டனில் கிரவுன் ஏஜென்ட்ஸ் என்ற அலுவலகம் சாமான் வாங்கிக் கொடுக்கும். அங்கே பெரிய பெயர் மெரிவெதர் அண்ட் சன்ஸ், பெயரிலேயே பிள்ளைகள் இருக்கிறார்கள் பாருங்கள். 1863இல் கிரிஸ்டல் பேலஸ் போட்டியில் அவர்களுடைய 'சதர்லேண்ட்' நீராவி பம்பு முதல் பரிசு வாங்கியது. 1904இல் லண்டன் பக்கத்து ஃபின்ச்லிக்குப் பெட்ரோல் வண்டியும் செய்து கொடுத்தார்கள். சந்தையில் மல்லுக்கட்டிய ஷாண்ட் மேசனைக் கடைசியில் தங்களோடே சேர்த்துக்கொண்டார்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து: தாத்தா டென்னிஸ் வண்டி, டென்னிஸ் வண்டி என்று புகழ்வார். அதில் என்ன அப்படி விசேஷம்?

தாத்தா சொன்னது சரிதான். எனக்கும் அதுதான் உயிர், கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்டு ஊர். ஜான் டென்னிஸும் தம்பி ரேமண்டும் 1895இல் சைக்கிள் வியாபாரத்தில் இறங்கினார்கள். மோட்டார் வண்டி, லோரி என்று வளர்ந்து, 1908இல் முதல் தீயணைப்பு வண்டியை பிராட்ஃபோர்டு நகரத்துக்குக் கொடுத்தார்கள். விசேஷம் பம்பில் இருந்தது. அதுவரை பெரும்பாலும் பிஸ்டன் பம்பு. தண்ணீர் துடித்துத் துடித்து வரும். முன்னால் குழாய் முனையைச் சட்டென்று மூடினால் அழுத்தம் ஏறி ஹோஸ் வெடிக்கும். டென்னிஸ் வைத்தது சுழல் பம்பு, அதாவது இறக்கைச் சக்கரம் சுழன்று தண்ணீரை வெளியே வீசும் வகை. ஓட்டம் ஒரே சீராக இருக்கும். முனையை மூடினால் தண்ணீர் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். சேறு கலந்த ஆற்றுத் தண்ணீரையும் தாங்கும்.

ஒரே குறை, அந்தச் சக்கரத்துக்குக் காற்றை இழுக்கத் தெரியாது. ஹோஸில் இருக்கும் காற்றை முதலில் வேறு கருவி வைத்து வெளியேற்ற வேண்டும், அதைத்தான் பிரைமிங் என்கிறோம். எந்தப் பம்பும் கணக்குப்படி பத்து மீட்டருக்குக் கீழே இருக்கும் தண்ணீரை உறிஞ்சாது. நடைமுறையில் ஏழு, ஏழரை மீட்டரோடு சரி. எஞ்சின் எவ்வளவு பெரிசாக இருந்தாலும் இது மாறாது, ஏனென்றால் தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம். பாலத்தின்மேல் வண்டியை நிறுத்திவிட்டு ஆற்றில் ஹோஸ் போடலாமா என்று கேட்பவர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போருக்குப் பிறகு ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சின் வைத்த டென்னிஸ்கள் வந்தன. தாத்தா சொன்னது அதுவாக இருக்கலாம். ஆனால் டென்னிஸ் சேசிஸ் முதல் எல்லாவற்றையும் தானே செய்யும் கம்பெனி. அதற்குப் பணம் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 1972இல் ஹெஸ்டேர் குழுமம் வாங்கியது. கைமாறிக் கைமாறி, 2007இல் தீயணைப்பு வண்டி செய்வது நின்றது. நடுவில் நிறுவனரின் பேரன் ஜான் டென்னிஸ் 1985இல் தனியாகக் கடை போட்டார். சேசிஸ் செய்யவில்லை, மற்றவர்களுடைய சேசிஸில் பாடி மட்டும் கட்டினார். தாத்தாவைவிடப் பேரன் கெட்டிக்காரர் என்பது என் கட்சி. சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

சிப்பாங்கிலிருந்து: விமான நிலையத்தில் ஓடும் பாந்தர் தீயணைப்பு வண்டி யார் செய்தது?

ஆஸ்திரியாவின் ரோசன்பவர். யோஹான் ரோசன்பவர் 1866இல் லின்ஸ் நகரத்தில் தீயணைப்புச் சாமான் கடையாகத் தொடங்கியது. பாந்தர் வந்தது 1991இல். 1994இல் வியன்னா பங்குச் சந்தைக்குப் போனார்கள்.

கிள்ளானிலிருந்து: குடும்பம் விற்றுவிட்டால் என்னதான் ஆகும்? பெரிய கம்பெனி இன்னும் நன்றாகத்தானே நடத்தும்?

சில சமயம். பியர்ஸ் ஆப்பிள்டனிலேயே இருக்கிறது, பெருகவும் செய்தது. மறுபக்கம் அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் கேஎம்இ என்ற தீயணைப்பு வண்டிக் கம்பெனியைப் பாருங்கள். கோவாச் குடும்பம் 1946இல் நெஸ்கஹோனிங் என்ற சிறிய சுரங்க ஊரில் தொடங்கியது. 2016இல் ரெவ் குழுமம் வாங்கியது. 2022இல் அந்த ஊர் ஆலைக்குப் பூட்டு, வேலை வேறு மாநிலங்களுக்குப் போனது. சொந்த ஊரில் முகம் காட்ட வேண்டிய முதலாளி இதை அவ்வளவு சுலபமாகச் செய்வாரா?

ரவாங்கிலிருந்து: அங்கிள், என் மகன் வெல்டிங் படிக்கிறான். இந்த வேலைக்கு வரலாமா?

தாராளமாக, மா. அலுமினிய வெல்டிங்கை நன்றாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், இரும்பு மட்டும் தெரிந்தால் போதாது. பிறகு தொட்டி. மூவாயிரம் லிட்டர் தண்ணீர் மூன்று டன். வண்டி ரவுண்டபவுட்டில் திரும்பும்போது அது அத்தனையும் ஒரு பக்கம் சாயும், பிரேக் போட்டால் முன்னால் பாயும். அதைத் தடுக்க உள்ளே குறுக்குத் தகடுகள் வைப்போம். வெளியே யார் கண்ணிலும் படாத வெல்டிங். மகன் பட்டறைக்கு வேலை கேட்டு வந்தால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.